மருந்து கொடுப்பவரை யார் பரிசோதிப்பது? கொஸ்லந்தையிலிருந்து ஒரு கேள்வி

பெரகலையிலிருந்து வெல்லவாய நோக்கி இறங்கும் ஏ4 வீதியில், தியலும நீர்வீழ்ச்சிக்குச் சற்று முன்னால் வருகிறது கொஸ்லந்த நகரம். பதுளை மாவட்டம், ஹல்துமுல்ல பிரதேச செயலகப் பிரிவு. நகரம் என்று சொன்னாலும் ஒரு கடைத்தெரு, பாடசாலைகள், ஒரு அரச வைத்தியசாலை, அவ்வளவுதான். மலைப்பக்கமாக மேலே ஏறினால் தோட்டங்களும் லயங்களும்.

மேற்பிரிவு லயமொன்றில் இரவு பத்து மணிக்கு ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பெற்றோருக்கு மூன்று வழிகள் உண்டு. தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போய், அங்குள்ள மருத்துவ உதவியாளரை எழுப்பலாம். ஆட்டோ பிடித்து கொஸ்லந்த அரச வைத்தியசாலைக்கு இறங்கலாம். விடியும்வரை காத்திருந்து நகரத்தில் பணம் கட்டி ஒரு தனியார் வைத்தியரிடம் காட்டலாம். மூன்றும் சரிவராவிட்டால் தியத்தலாவை, பண்டாரவளை, கடைசியாகப் பதுளை பெரியாஸ்பத்திரி.

மூன்று வழிகளில் எது நல்லது என்பதை அந்தப் பெற்றோர் எப்படித் தெரிந்துகொள்கிறார்கள்? பக்கத்து காம்பராக்காரர் சொல்வதை வைத்து. “அந்த டாக்டர் கைராசிக்காரர்”, “இந்த ஐயா ஊசி போட்டா உடனே நிக்கும்” என்ற பேச்சை வைத்து. அந்த டிஸ்பென்சரியை கடைசியாக யார் வந்து பார்த்தார்கள், என்ன குறை கண்டார்கள், அது திருத்தப்பட்டதா என்பது எந்தச் சுவரிலும் எழுதப்பட்டிருப்பதில்லை.

இந்தக் கட்டுரை அந்த இடைவெளியைப் பற்றியது. நமக்கு வைத்தியம் பார்க்கும் இடங்களின் தரத்தையும் அவற்றை நடத்துபவர்களின் பொறுப்பையும் யார் பரிசோதிக்க வேண்டும், சட்டம் என்ன சொல்கிறது, வேறு நாடுகளில் எப்படிச் செய்கிறார்கள், இங்கே ஒரு சாதாரண நோயாளி என்ன கேட்கலாம்?

மீரியபெத்த கற்றுத்தந்த பாடம்

கொஸ்லந்த என்ற பெயரை வடக்கு கிழக்கில் உள்ளவர்களும் அறிவார்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மீரியபெத்த தோட்டத்தின் மேல் மலை சரிந்தது. லயங்கள் மண்ணுக்குள் போயின. பலரது உடல்கள் கடைசிவரை மீட்கப்படவேயில்லை. தப்பியவர்கள் பாடசாலைகளிலும் பிறகு மாகல்தெனிய தேயிலைத் தொழிற்சாலையிலும் தங்கவைக்கப்பட்டார்கள். புதிய வீடுகள் கைக்கு வர ஏறத்தாழ இரண்டு வருடங்கள் சென்றன.

அந்த அனர்த்தம் யாரும் எதிர்பாராத ஒன்றல்ல. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் அந்த இடத்தைப் பார்த்து, மக்கள் குடியிருக்க ஆபத்தானது என்று எச்சரித்திருந்தது. அதாவது பரிசோதனை நடந்தது. அறிக்கை எழுதப்பட்டது. நிபுணர்கள் தங்கள் வேலையைச் செய்தார்கள். ஆனால் மாற்றுக் காணி கொடுத்து மக்களை இறக்க வேண்டியவர் யார் என்பதில் கம்பனிக்கும் அரசுக்கும் இடையில் பொறுப்பு கைமாறிக்கொண்டே இருந்தது. மக்கள் அதே லயத்தில் இருந்தார்கள்.

வைத்தியசாலைகளைப் பற்றிய கட்டுரையில் மண்சரிவை ஏன் இழுக்க வேண்டும்? பரிசோதனை என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் நம் ஊரில் இல்லை. ஒரு பரிசோதனை பயன் தர மூன்று விடயங்கள் வேண்டும். பார்க்கத் தகுதியுள்ள ஒருவர் பார்க்க வேண்டும். கண்டது ஆபத்தில் இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டும். திருத்த வேண்டியவர் இன்னார் என்று பெயர் குறிப்பிட்டு, அவரைக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் இருக்க வேண்டும். மீரியபெத்தவில் முதலாவது இருந்தது. மூன்றாவது இருக்கவில்லை.

மூன்று கதவுகள், மூன்று சட்டங்கள்

முதல் கதவு தோட்டத்து டிஸ்பென்சரி. அங்கே இருப்பவரை மக்கள் “டாக்டர் ஐயா” என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் பெரும்பாலும் எம்.பி.பி.எஸ். பட்டம் பெற்ற வைத்தியர் அல்லர். தோட்ட மருத்துவ உதவியாளர், சுருக்கமாக ஈ.எம்.ஏ. பழைய ஆட்கள் “அப்போதிக்கரி” என்பார்கள். அவருக்குச் சம்பளம் கொடுப்பது தோட்ட நிர்வாகம். அரசு, கம்பனிகள், தொழிற்சங்கங்கள் மூன்றும் பங்குபெறும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் சுகாதார வேலைத்திட்டங்களையும் பயிற்சிகளையும் இணைக்கிறது. சுகாதார வைத்திய அதிகாரியின் பிரிவைச் சேர்ந்த குடும்பநல உத்தியோகத்தரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் தோட்டத்துக்கு வருகிறார்கள். ஆனால் தடுப்பூசி, கர்ப்பிணித் தாய்மார், நுளம்பு என்று அவர்களது பார்வை பெரும்பாலும் பொதுச் சுகாதாரம் சார்ந்தது. டிஸ்பென்சரி மேசைக்குப் பின்னால் நடக்கும் அன்றாட வைத்தியத்தின் தரத்தை முறையாக அளந்து, மக்கள் முன் வைக்கும் ஏற்பாடு இல்லை.

இரண்டாவது கதவு அரச வைத்தியசாலை. 1987இன் 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு கொஸ்லந்த போன்ற சிறிய வைத்தியசாலைகள் மாகாணத்தின் கீழ் வருகின்றன. உள்ளே பொறுப்பு வைத்திய அதிகாரி, அவருக்கு மேலே பதுளையில் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர், அவருக்கு மேலே ஊவா மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர். கணக்குகளைத் தேசிய கணக்காய்வு அலுவலகம் பார்க்கிறது. இங்கே ஒரு சங்கிலி இருக்கிறது, யாரிடம் முறையிடுவது என்பது தெளிவு. ஆனால் அந்தச் சங்கிலி மேல்நோக்கி மட்டுமே பேசுகிறது. மேலதிகாரி வந்து பார்த்துவிட்டுப் போனால், என்ன பார்த்தார் என்பது வெளி நோயாளர் பிரிவின் வாங்கில் காத்திருப்பவருக்குத் தெரியாது.

மூன்றாவது கதவு தனியார் வைத்தியர். 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க தனியார் மருத்துவ நிறுவனங்கள் (பதிவு) சட்டத்தின்படி தனியார் வைத்தியசாலை, ஆய்வுகூடம், மருத்துவ நிலையம் மட்டுமல்ல, தனி வைத்தியர் ஒருவர் நடத்தும் சிகிச்சை நிலையமும் பதிவு செய்யப்பட வேண்டும்; பதிவு வருடாவருடம் புதுப்பிக்கப்பட வேண்டும். தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குறுத்தல் சபையும் மாகாண சுகாதாரப் பணிப்பாளரும் இதற்குப் பொறுப்பு. தர நியமங்களை உருவாக்குவதும் அவற்றைக் கண்காணிப்பதும் அந்தச் சட்டத்தின் நோக்கங்களில் அடங்கும். வைத்தியரின் தனிப்பட்ட தகுதியையும் ஒழுக்கத்தையும் பார்ப்பது இலங்கை மருத்துவ சபை. மருந்துக் கடையும் மருந்தின் தரமும் 2015இன் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய ஒளடதங்கள் ஒழுங்குறுத்தல் அதிகாரசபையிடம்.

சட்டப் புத்தகத்தில் பார்த்தால் ஆளில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் கவனியுங்கள்: பணம் கொடுத்துப் பார்க்கும் கதவுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது, அரசின் கதவுக்கு அதிகாரச் சங்கிலி இருக்கிறது. மிக வறியவர்கள் முதலில் தட்டும் தோட்டத்துக் கதவுதான் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

தோட்டத்து ஆஸ்பத்திரி எப்படித் தனியாக நின்றது

இதற்கு ஒரு வரலாறு உண்டு. தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகளுக்கான முதல் கட்டளைச் சட்டம் 1872இல் வந்தது. 1912இல் வந்த மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் அதை விரிவாக்கியது. லயங்களைச் சுகாதாரமாக வைத்திருப்பது, நோயாளியைப் பற்றி மாவட்ட வைத்திய அதிகாரிக்கு அறிவிப்பது, பிள்ளை பெற்ற தாய்க்கு ஒரு மாத காலம் உணவும் தங்குமிடமும் கொடுப்பது எல்லாம் தோட்ட அத்தியட்சகரின் கடமையாக்கப்பட்டன. வைத்திய அதிகாரிகள் தோட்டத்துக்குள் வந்து பார்க்கும் அதிகாரமும் இருந்தது.

அதாவது நூறு வருடங்களுக்கு முன்பே தோட்டத்தில் பரிசோதனை இருந்தது. ஆனால் அது யாருக்காக? கொலராவும் கொக்கிப்புழுவும் வேலையாட்களின் எண்ணிக்கையைக் குறைத்துவிடக்கூடாது என்பதற்காக. அறிக்கை துரைக்கும் அரசாங்கத்துக்கும் இடையில் போய் வந்தது. நோயாளிக்கு அதில் குரல் இருக்கவில்லை.

1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களை நாடற்றவர்களாக்கிய பிறகு அந்தத் தனிமை இன்னும் இறுகியது. நாட்டின் ஏனைய பகுதிகளில் இலவச சுகாதார சேவை விரிந்தபோது தோட்டத்தின் சுகாதாரம் தோட்டத்தின் தலையிலேயே விடப்பட்டது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் முகாமைத்துவம் கம்பனிகளிடம் போனது. தோட்ட வைத்தியசாலைகளை அரசே பொறுப்பேற்கும் வேலை 1990களில் தொடங்கியது. சில பொறுப்பேற்கப்பட்டன, பல அப்படியே நின்றன. பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள் செலவு செய்யத் தடையாக இருந்த சட்டப் பிரிவுகூட 2018இல்தான் திருத்தப்பட்டது.

விளைவை அளக்க ஓர் எண் போதும். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறத்தாழ 17 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டத்துறையில் அது ஏறத்தாழ 32 சதவீதம். இந்த வித்தியாசம் வைத்தியரால் மட்டும் வந்ததல்ல. சம்பளம், வீடு, தண்ணீர், உணவு எல்லாம் சேர்ந்தது. ஆனால் பிள்ளை வளரவில்லை என்பதை முதலில் கண்டு சொல்ல வேண்டிய இடம் ஒரு சுகாதார நிலையம்தான்.

இங்கிலாந்தில் ஐந்து கேள்விகள்

லண்டனில் உறவினர் உள்ள வாசகர்களுக்கு “ஜீ.பி.” என்ற சொல் பழக்கமானது. வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள குடும்ப வைத்தியர் நிலையம். அந்த நிலையங்களைப் பரிசோதிக்க கெயார் குவாலிட்டி கமிஷன் என்ற அமைப்பு இருக்கிறது. 2009இல் அது இயங்கத் தொடங்கியது. 2013 முதல் குடும்ப வைத்தியர் நிலையங்கள் அதில் பதிவு செய்யப்படுகின்றன.

பரிசோதகரோடு இன்னொரு வைத்தியரும் போவார். மருந்துக் குளிர்சாதனப் பெட்டியின் வெப்பநிலைப் பதிவைப் பார்ப்பார்கள். அவசர மருந்துகள் இருக்கின்றனவா, காலாவதி ஆகவில்லையா என்று பார்ப்பார்கள். ஊழியரோடும் நோயாளிகளோடும் தனியாகப் பேசுவார்கள். கடைசியில் ஐந்து கேள்விகளுக்குப் பதில் எழுதுவார்கள்: இந்த இடம் பாதுகாப்பானதா? இங்கு கொடுக்கும் வைத்தியம் பலன் தருகிறதா? நோயாளியை அக்கறையோடு நடத்துகிறார்களா? மக்களின் தேவைக்கு ஏற்றபடி இயங்குகிறதா? நல்ல தலைமை இருக்கிறதா?

மிகச்சிறந்தது, நல்லது, முன்னேற்றம் தேவை, போதாது என்று நான்கில் ஒரு தரம் கொடுக்கப்படும். அந்தத் தரத்தை நோயாளிகள் பார்க்கும் இடத்தில் ஒட்டிவைப்பது சட்டக் கடமை. போதாது என்றால் தவணை கொடுத்துத் திரும்ப வருவார்கள். அப்போதும் திருந்தாவிட்டால் பதிவை ரத்துச் செய்யலாம்.

அந்த நாட்டுக்கு ஏன் இவ்வளவு சந்தேகம்? ஒரு காரணம் ஹரல்ட் ஷிப்மன். மஞ்செஸ்டருக்கு அருகில் ஹைட் என்ற ஊரில் தனியாகச் சிகிச்சை நிலையம் நடத்திய வைத்தியர். வயதான நோயாளிகளின் வீடுகளுக்கே போய்ப் பார்ப்பவர் என்று ஊரே அவரைப் போற்றியது. 15 நோயாளிகளை ஊசிபோட்டுக் கொன்றதாக 2000 ஜனவரியில் அவர் குற்றவாளியாகக் காணப்பட்டார். பின்னர் நடந்த விசாரணை, அவர் கொன்றவர்கள் 215 பேர் என்று கண்டது. இறப்புச் சான்றிதழ் எழுதியவரும் அவரே. ஒரு வைத்தியரின் நோயாளிகள் ஏன் இவ்வளவு பேர் இறக்கிறார்கள் என்று எண்ணிப்பார்க்கும் வேலை யாருக்கும் ஒப்படைக்கப்பட்டிருக்கவில்லை.

ஷிப்மன் மிக அரிதான ஒரு கொலையாளி. நம் ஊர் வைத்தியர்களை அவரோடு ஒப்பிடுவது அநியாயம். ஆனால் ஊர் வைத்திருக்கும் மரியாதை தரத்துக்குச் சாட்சி ஆகாது என்ற பாடம் எல்லா ஊருக்கும் பொருந்தும். “தங்கமான மனுஷன்” என்பது உண்மையாக இருக்கலாம். அதை உறுதிப்படுத்த ஒரு பதிவேடும் வேண்டும்.

அந்த முறையையும் கண்மூடித்தனமாகப் புகழத் தேவையில்லை. பரிசோதனைகள் தாமதமாகின்றன, தரங்கள் பழையவையாகக் கிடக்கின்றன, பரிசோதகர்களுக்கே போதிய அனுபவம் இல்லை என்று 2024இல் வெளிவந்த சுயாதீன மீளாய்வு அந்த ஆணைக்குழுவையே கடுமையாக விமர்சித்தது. பரிசோதிப்பவரையும் பரிசோதிக்க வேண்டியிருக்கிறது. ஆனாலும் அந்த ஐந்து கேள்விகள் நல்ல கேள்விகள். அவற்றைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் கொண்டுவர ஆணைக்குழு எதுவும் தேவையில்லை.

அதே கேள்விகள், நம் டிஸ்பென்சரியில்

*பாதுகாப்பானதா?* மலையகத்தில் இதைச் சோதிக்க ஒரே ஒரு பொருள் போதும்: அட்ரினலின் மருந்துக் குப்பி. கொழுந்து பறிக்கும்போது குளவி கொட்டி இறப்பவர்களைப் பற்றி அடிக்கடி செய்தி எழுதுகிறோம். கடும் ஒவ்வாமையில் தொண்டை அடைத்து, இரத்த அழுத்தம் இறங்கும்போது உயிர் காக்கும் முதல் மருந்து அட்ரினலின். அது விலை கூடிய மருந்தல்ல. ஆனால் குளவி கொட்டியவருக்குச் சில நிமிடங்களுக்குள் கிடைக்க வேண்டும். பதுளைக்குப் போய்ச் சேரும்வரை காத்திருக்க முடியாது. டிஸ்பென்சரியில் அது இருக்கிறதா? திகதி முடியவில்லையா? அவர் லீவில் போனால் அதைப் போடத் தெரிந்தவர் யார்?

இன்னொன்று மருந்துப் பை. சிறு வயதில் எங்கள் தோட்டத்தில், பழைய கொப்பித் தாளில் மடித்துக் கொடுத்த வெள்ளை மாத்திரைகளைத்தான் நானும் விழுங்கியிருக்கிறேன். அது என்ன மருந்து என்று அம்மாவுக்கும் தெரியாது. ஒருமுறை உடம்பெல்லாம் தடித்துப் போனபோது வேறு வைத்தியசாலையில் “என்ன மருந்து குடிச்சீங்க?” என்று கேட்டார்கள். எங்களிடம் பதில் இருக்கவில்லை. மருந்தின் பெயர், அளவு, நோயாளியின் பெயர், திகதி ஆகிய நான்கும் பையில் எழுதப்பட வேண்டும்.

*பலன் தருகிறதா?* காய்ச்சலும் தடிமனும் தானாகவே சுகமாகும். அதை வைத்து ஒரு வைத்தியரை அளக்க முடியாது. பிரஷரும் சீனி வருத்தமும்தான் உண்மையான பரீட்சை. இந்த இடத்தில் பிரஷர் உள்ளவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்கு அது கட்டுப்பாட்டில் இருக்கிறது, மூன்று மாதமாக வராதவர் யார் என்று பதிவேட்டைப் பார்த்துச் சொல்ல முடிந்தால் அது நல்ல நிலையம். வந்தவருக்கு மருந்து, வராதவரைத் தெரியாது என்றால் அது மருந்து கொடுக்கும் யன்னல் மட்டுமே. இரத்தச்சோகை, வளராத பிள்ளைகள் விடயத்திலும் இதே அளவுகோல்தான்.

*அக்கறையோடு நடத்துகிறார்களா?* தோட்டத்தில் வைத்தியம் தேடி வருபவர்களில் பெண்கள் அதிகம். பரிசோதிக்கும் இடத்துக்கு ஒரு திரையாவது இருக்கிறதா? வரிசையில் நிற்கும் பத்துப்பேர் காதில் விழ மாதவிடாய் பற்றிக் கேட்கிறார்களா? “இந்தா, உள்ளே வா” என்று கூப்பிடுகிறார்களா, “வாங்கம்மா” என்கிறார்களா? இவை அற்ப விடயங்கள் அல்ல. ஒருமுறை கூனிக்குறுகிப் போன பெண் அடுத்தமுறை மார்பில் கட்டியோடுகூட வரமாட்டார்.

மொழியும் இதில் அடங்கும். அரசியலமைப்பின் 18ஆவது உறுப்புரையின்படி தமிழும் அரச கரும மொழி. பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகள். ஆனால் கிளினிக் கொப்பியில் எழுதியிருப்பது என்ன என்று கேட்கக்கூட மொழி தெரியாமல், கங்காணியையோ பாடசாலை போகும் மகளையோ மொழிபெயர்ப்பாளராகக் கூட்டிப்போகும் நிலை இன்னும் உண்டு. பன்னிரண்டு வயது மகளை வைத்துக்கொண்டு ஒரு தாய் தன் வருத்தத்தை முழுதாகச் சொல்வாரா?

*தேவைக்கு ஏற்றபடி இயங்குகிறதா?* கொழுந்து பறிக்கும் நேரமும் டிஸ்பென்சரி திறந்திருக்கும் நேரமும் ஒன்றாக இருந்தால் வைத்தியத்துக்குப் போவது என்பது அன்றைய பேரை இழப்பது. அரைப்பேர் விழும் என்ற பயத்தில் காய்ச்சலோடு மலைக்கு ஏறுபவர்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். கொழுந்து நிறுத்த பிறகு, மாலையில் ஒரு மணித்தியாலம் திறந்தால் எத்தனை பேர் வருவார்கள் என்று கணக்கெடுத்துப் பார்த்திருக்கிறார்களா? இரவில் நோயாளியை இறக்க வண்டி எது, சாரதியின் தொலைபேசி இலக்கம் எங்கே எழுதப்பட்டிருக்கிறது?

ஐந்தாவது கேள்வி: தலைமை

மற்ற நான்கையும் தீர்மானிப்பது இதுதான். தலைமை என்றால் கண்டிப்பான வைத்தியர் என்று பொருளல்ல. தவறு நடந்தால் அதை எழுதிவைக்கிறார்களா, மறைக்கிறார்களா? கீழே வேலை செய்பவர் “ஐயா, இந்த மருந்து திகதி முடிஞ்சது” என்று பயமில்லாமல் சொல்ல முடிகிறதா? பொறுப்பானவர் இல்லாத நாளில் யார் பொறுப்பு என்பது எழுத்தில் இருக்கிறதா? நோயாளிகளைக் கூட்டி வருடத்தில் ஒருமுறையாவது கேட்கிறார்களா? இங்கிலாந்தில் நோயாளர் பங்கேற்புக் குழு ஒன்றை வைத்திருப்பது குடும்ப வைத்தியர் நிலையங்களின் ஒப்பந்த நிபந்தனையாகவே இருக்கிறது.

தோட்டத்தில் இந்தக் கேள்விக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. டிஸ்பென்சரியில் இருப்பவர் நிர்வாகத்தின் ஊழியர். அவர் “இந்தப் பெண்ணுக்கு மூன்று நாள் ஓய்வு வேண்டும்” என்று எழுதும் துண்டு நேராக வேலைக் கணக்கைப் பாதிக்கிறது. துரைக்கு ஆள் வேண்டும். நோயாளிக்கு ஓய்வு வேண்டும். நடுவில் ஒருவர், தன் சம்பளத்தையும் குவாட்டர்ஸையும் தோட்டத்திடமிருந்தே பெறுபவர். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அந்த அமைப்பு அவரை ஒரு பக்கமாக இழுக்கும். ஆகவே தோட்ட டிஸ்பென்சரியின் தலைமையைப் பரிசோதிக்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி: மருத்துவத் தீர்மானங்களில் இவர் யாருக்குப் பதில் சொல்கிறார்? பதில் அத்தியட்சகர் என்றால் அது பிழை. பதில் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரின் கீழ் உள்ள ஒரு வைத்தியராக இருக்க வேண்டும்.

இதில் மருத்துவ உதவியாளர்களுக்கும் நியாயம் செய்ய வேண்டும். பலர் இருபத்திநான்கு மணித்தியாலமும் கூப்பிட்ட குரலுக்கு எழுந்து வருபவர்கள். மேலே கேட்டு ஆலோசிக்க ஒரு வைத்தியர் இல்லாமல், பிழை நடந்தால் பழி மட்டும் தனியாகச் சுமப்பவர்கள். முறையான பரிசோதனை அவர்களுக்கும் பாதுகாப்பு. “அட்ரினலின் கேட்டு மூன்று முறை எழுதினேன், தரவில்லை” என்பது பதிவேட்டில் இருந்தால் பழி போக வேண்டிய இடத்துக்குப் போகும்.

இங்கேயே ஒரு முன்மாதிரி

இதெல்லாம் வெள்ளைக்காரன் நாட்டுக்குச் சரி, இங்கே நடக்குமா என்று கேட்பவர்கள் இலங்கையின் தாய் மரண விசாரணையைப் பார்க்க வேண்டும். 1980களிலிருந்து இந்நாட்டில் கர்ப்பத்தோடும் பிரசவத்தோடும் தொடர்புடைய ஒவ்வொரு மரணமும் அறிவிக்கப்பட்டு ஆராயப்படுகிறது. தாயின் வீட்டிலிருந்து வைத்தியசாலைவரை எங்கே தாமதமானது, எதைச் செய்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று வெளிக்கள உத்தியோகத்தரும் வைத்தியசாலை வைத்தியர்களும் ஒரே மேசையில் இருந்து பேசுகிறார்கள். மாவட்ட மட்டத்திலும் தேசிய மட்டத்திலும் அது மீண்டும் பார்க்கப்படுகிறது. குற்றவாளியைத் தேடுவதை விட அடுத்த தாயைக் காப்பாற்றுவதே அதன் நோக்கம். தாய் மரணத்தைக் குறைப்பதில் தெற்காசியாவில் இலங்கை முன்னால் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு தாய் இறந்தால் கேட்கும் அந்தக் கேள்வியை, குளவி கொட்டி இறந்த தொழிலாளிக்காகவும், லொறி வரத் தாமதித்ததால் இறந்த முதியவருக்காகவும் கேட்க முடியும். வழி தெரிந்த வழிதான்.

நீங்கள் என்ன செய்யலாம்

முதலாவது, ஆதாரம். கிளினிக் கொப்பி, துண்டு, மருந்துப் பை எதையும் எறியாதீர்கள். போன திகதி, நேரம், கொடுத்த மருந்து, சொன்ன வார்த்தை ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். “எப்பவும் அப்படித்தான்” என்ற முறைப்பாட்டுக்குப் பதில் வராது. திகதியோடு எழுதிய ஐந்து சம்பவங்களுக்கு வரும்.

இரண்டாவது, தகவல் அறியும் உரிமை. 2016இன் 12ஆம் இலக்கச் சட்டம் 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. மாகாண சுகாதாரத் திணைக்களமும் பிராந்திய பணிப்பாளர் அலுவலகமும் இதன் கீழ் வரும் பகிரங்க அதிகாரசபைகள். ஏன் கேட்கிறீர்கள் என்று நீங்கள் காரணம் சொல்லத் தேவையில்லை. தமிழில் எழுதலாம். 14 வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் முதலில் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும் பிறகு ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். “வைத்தியசாலை எப்படி இருக்கிறது?” என்று பொதுவாகக் கேட்காதீர்கள். இப்படிக் கேளுங்கள்: கடந்த இரண்டு வருடங்களில் இந்த நிலையத்தை மேற்பார்வை செய்ய யார், எந்தத் திகதிகளில் வந்தார்கள்? அறிக்கையின் பிரதி என்ன? சுட்டிக்காட்டிய குறைகளில் எவை திருத்தப்பட்டன? அனுமதிக்கப்பட்ட ஆளணி எத்தனை, இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள்?

மூன்றாவது, சரியான வாசல். அரச வைத்தியசாலையில் குறை என்றால் பொறுப்பு வைத்திய அதிகாரி, பிறகு பிராந்திய பணிப்பாளர். தனியார் நிலையம் என்றால் மாகாணப் பணிப்பாளரும் ஒழுங்குறுத்தல் சபையும். தனியொரு வைத்தியரின் நடத்தை என்றால் மருத்துவ சபை. தமிழில் சேவை மறுக்கப்பட்டால் அரச கரும மொழிகள் ஆணைக்குழு. பாரபட்சம் என்றால் மனித உரிமைகள் ஆணைக்குழு. தோட்ட டிஸ்பென்சரி என்றால் நிர்வாகத்துக்கும் பிராந்திய பணிப்பாளருக்கும் ஒரே கடிதத்தை எழுதி, இரண்டிலும் பிரதி யாருக்கு என்று குறிப்பிடுங்கள். பொறுப்பு கைமாறும் விளையாட்டு அங்கேயே நிற்கும்.

நான்காவது, கூட்டாகப் போங்கள். தனியாக முறையிடும் நோயாளி அடுத்த வாரம் அதே மேசைக்குத்தான் மருந்துக்குப் போக வேண்டும். தாய்மார் சங்கம், கோயில் பரிபாலன சபை, தொழிற்சங்கக் கமிட்டி, பாடசாலைப் பெற்றோர் என்று ஏதாவது ஒரு அமைப்பின் பெயரில் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். நன்றாக நடப்பதையும் எழுதுங்கள். பாராட்டும் ஒரு பதிவுதான்.

இருந்தால் போதுமா?

1977இலும் 1983இலும் அடிபட்டு மலையகத்தை விட்டு வன்னிக்குப் போனவர்களின் பிள்ளைகள் இதை வாசிக்கக்கூடும். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் குடியேறி, இன்னொரு யுத்தத்துக்குள் அகப்பட்டவர்கள். 2009இல் தறப்பாளுக்குக் கீழே, மயக்க மருந்துக்கும் தட்டுப்பாடான நிலையில் வைத்தியம் பார்த்தவர்களை அவர்கள் கண்டிருக்கிறார்கள். அந்த நாட்களில் யாரும் தரத்தைப் பற்றிக் கேட்கவில்லை. ஒரு வைத்தியர் உயிரோடு பக்கத்தில் இருக்கிறார் என்பதே பெரிய விடயம்.

அந்த மனநிலை நமக்குள் இன்னும் இருக்கிறது. மலையகத்திலும் அது உண்டு, வேறு காரணத்தால். நூற்றைம்பது வருடமாகக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போகப் பழக்கப்பட்டவர்கள் நாங்கள். “டாக்டர் இருக்கிறாரே, அது போதாதா?” என்பது இரண்டு இடத்திலும் கேட்கும் வார்த்தை.

மீரியபெத்தவிலும் வீடு இருந்தது. அது பாதுகாப்பான வீடா என்ற கேள்விக்கு இரண்டு முறை பதிலும் எழுதப்பட்டிருந்தது. அந்தப் பதிலை வாசிக்கும் உரிமை அந்த வீட்டில் படுத்தவர்களுக்கு இருந்திருக்க வேண்டும். நம் பிள்ளைக்கு ஊசி போடும் இடத்தைப் பற்றிய பதிலையும் நாம் வாசிக்க வேண்டும். அடுத்த முறை டிஸ்பென்சரிக்குப் போகும்போது மருந்துப் பையில் பெயர் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.